விசரோ எண்டு கேட்ட மகளுக்கு

யாழ்ப்பாணம்
16.09.2024

அன்பு மகளுக்கு,

நேற்று "அப்பா, உங்களுக்கு விசரோ? அநுரவுக்கோ போடப்போறியள்?" எண்டு கேட்டிட்டுப் போனை வைச்சிட்டாய். பக்கத்திலை இருந்த அம்மாவுக்குச் சரியான சிரிப்பு. இந்தச் சனிக்கிழமை ஜனாதிபதித் தேர்தலிலை ஜேவிபித் தலைவர் அநுர குமார திசாநாயக்கவுக்குப் போடப்போறன் எண்டதுதான் உனக்குக் கோவம். போனிலை எனக்குக் கோர்வையாக் கதைக்க வராது. அதாலை எழுதுறன்.

நீ சொன்னதிலை ஒண்டும் பொய்யில்லை. 2005இலை, சுனாமி உதவியைப் புலியளோடை சேர்ந்து பங்கிடுற பொதுக்கட்டமைப்பை எதிர்த்து அரசாங்கத்தை விட்டு வெளியேறினது அந்தச் சிங்கள இடதுசாரிக் கட்சி ஜேவிபிதான். அந்த வருசமே மகிந்த ராஜபக்சவை ஜனாதிபதிக் கதிரையிலை ஏத்தத் தோள் குடுத்தவையும் அவைதான். வடக்கையும் கிழக்கையும் பிரிக்கச் சொல்லி உயர் நீதிமன்றம் போய், 2006இலை தீர்ப்பும் எடுத்தவை. இன்னும் பின்னாலை போனால், ஜேவிபியைத் தொடங்கின விஜேவீர கட்சிக்கு வாற பெடியளுக்கு எடுத்த ஐந்து அரசியல் வகுப்பிலை ஒண்டு 'இந்திய விஸ்தரிப்புவாதம்'. கொழுந்து பறிக்கிற சனத்தை அந்நியன்ரை ஆளாக் காட்டின வகுப்பு. அதுக்காக எத்தினை சங்கக் கூட்டத்திலை நான் சண்டை பிடிச்சனான் எண்டு அம்மாவைக் கேள்.

இடதுசாரியளிட்டை ஏமாறுறதும் எனக்குப் புதுசில்லை. ஒரு மொழியெண்டால் இரண்டு நாடு எண்டு 1956இலை எச்சரிச்ச கொல்வின் ஆர். டி சில்வாதான், 1972 அரசியலமைப்பை எழுதி பௌத்தத்துக்கு முதலிடம் குடுத்தவர்.

ஆனால் எங்கடை வாசலுக்குச் சுத்தமான ஆள் எப்ப பிள்ளை வந்தது? 2010இலை, யுத்தத்தை நடத்தின தளபதி பொன்சேகாவுக்கு நீயும்தான் புள்ளடி போட்டனீ. 2005இலை ஒருத்தருக்கும் போடாமல் வீட்டிலை இருந்தம், புலியள் இருக்கவும் வைச்சினம். மகிந்த வென்றது ஏறத்தாழ 180,000 வாக்காலை. பிறகு நடந்தது உனக்குத் தெரியும்.

சீமெந்துத் தொழிற்சாலையிலை என்னோடை வேலை செய்த மாத்தறை மனிசனை உனக்கு ஞாபகம் இராது. காங்கேசன்துறையிலை என்ரை சாப்பாட்டுப் பெட்டியிலை பாதிப் புட்டு அவருக்கு. ஊருக்குப் போனால் கித்துள் கருப்பட்டியை ஓலையிலை சுத்திக்கொண்டு வருவார். அவற்றை மூத்த பெடியன் ஜேவிபி. 1989இலை ஆமி கொண்டு போனது, வரேல்லை. எங்கடை சின்ன மாமாவும் வரேல்லை. பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979இலை எங்களுக்கெண்டு வந்தது. பிறகு அவையளையும் அதுக்குள்ளைதான் போட்டது. அந்தச் சட்டத்தை எடுப்பம் எண்டு இந்தமுறை விஞ்ஞாபனத்திலை எழுதியிருக்கினம். செய்வினமோ? எனக்கும் சந்தேகம்தான்.

மற்றது வயித்துக் கதை. 2022 ஆவணியிலை மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலை இருந்து ஒரேயடியா 340 ஆனது. மயிலிட்டியிலை வள்ளங்கள் கரையிலை கிடந்தது. கடன் வாங்கினவை வேறை, கட்டுறவன் கடலுக்குப் போறவன். மற்ற வேட்பாளர் ரணிலிட்டையோ சஜித்திட்டையோ போய் இதைக் கதைக்க எனக்கு மனம் வரேல்லை.

தமிழ்ப் பொது வேட்பாளரின்ரை சங்குச் சின்னத்துக்கு 1, அநுரவின்ரை திசைகாட்டிக்கு 2 எண்டு விருப்பு வாக்குப் போடலாமே எண்டு கேப்பாய். கணக்குக்கு அதுதான் கெட்டித்தனம், இரண்டும் வீண்போகாது. ஆனால் இரண்டாம் விருப்பு, முதல் எண்ணிக்கையிலை ஒருத்தருக்கும் 50 வீதம் தாண்டாட்டித்தான் வெளியிலை வரும். அநுர யாழ்ப்பாணக் கணக்கைப் பார்க்கேக்கை என்ரை வாக்கு முதல் எண்ணிக்கையிலையே இருக்கோணும். வடக்கு எனக்குப் போடேல்லை, அங்கை எனக்கென்ன கடமை எண்டு நாளைக்கு அவர் சொல்லக்கூடாது. காணியைக் கேட்டு, காணாமல் போனவையைக் கேட்டு அவற்றை வாசலிலை நிக்கேக்கை, போட்டவன் எண்டு நிக்க எனக்கு ஒரு வாய் வேணும். ஏசுறதெண்டாலும் அப்பிடித்தான்.

அம்மா சங்குக்குத்தானாம். மூண்டு நாளாக் கதைச்சுப் பார்த்திட்டன், அசையிறா இல்லை. சனிக்கிழமை வெயிலுக்கு முதல் இரண்டு பேரும் ஒரே ஓட்டோவிலை போட்டு வருவம். காசு நான்தான் குடுக்கோணுமாம்.

அன்புடன்,
அப்பா