கூகுளில கிடந்துச்சு

அன்பின் மகனுக்கு,

நாங்கள் சுகம். அம்மாவின் முழங்கால் வலி கொஞ்சம் குறைவு. நேற்று பின்னேரம் நீ வட்ஸ்அப்பில் அனுப்பிய தேயிலைப் பக்கெட் டிசைனைப் பார்த்தேன். எழுத்தும் நிறமும் நன்றாக வந்திருக்கிறது. கொழுந்து பறிக்கிற அந்த அம்மாவை யார் படம் எடுத்தது என்று கேட்டதற்கு, "கூகுளில கிடந்துச்சு அப்பா" என்று போட்டிருந்தாய். போனில் பேசினால் கத்திவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன்.

கிடந்தது என்றால் என்ன மகன்? தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் சேலை காய்கிறது. போகிறவன் வருகிறவன் எல்லாம் பார்க்கலாம். உருவிக்கொண்டு போகலாமா? படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கீழ் மூலையில் வெள்ளையாக ஓர் அரை எழுத்து நிற்கிறது. எடுத்தவன் பேர் போட்டிருக்கிறான், நீ வெட்டியிருக்கிறாய். வெட்டியதும் சரியாக இல்லை.

இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டப்படி, படம் எடுத்த நிமிடமே எடுத்தவருக்கு உரிமை வந்துவிடுகிறது. எங்கேயும் பதியத் தேவையில்லை. எடுத்தவர் செத்து 70 வருடம் வரை அது நிற்கும். உரிமையைக் காசுக்குக் கொடுத்துவிட்டாலும், தன் பேரைப் போடு என்று கேட்கிற உரிமை அவரிடமே இருக்கும். படிப்பிக்க, விமர்சிக்க, செய்தி சொல்ல நியாயமான அளவில் பாவிக்க இடமுண்டு. பக்கெட் விற்பதற்கு அது உதவாது.

இலவசமாக வேண்டுமென்றால் விக்கிமீடியா கொமன்ஸ் என்ற படத் தளத்தில் தேடு. அங்கேயும் கிரியேட்டிவ் கொமன்ஸ் என்று, படத்தை எப்படிப் பாவிக்கலாமென்று போட்டிருக்கிற நிபந்தனையை வாசித்துவிட்டு எடு. அநேகமான படங்களுக்கு எடுத்தவர் பேரைப் போட வேண்டும். வேறு இடங்களில் வியாபாரத்துக்குக் கூடாது என்று போட்டிருப்பார்கள், அதையும் கவனி.

சட்டம் பேசுகிற நான் ஒன்றும் உத்தமன் இல்லை. காமன் கூத்தில் ரதி வேஷக்காரனை நான் எடுத்த படம் ஒரு கடைக் கலண்டரில் வந்தது உனக்குத் தெரியும். கெமரா வார் வலது மூலையில் கறுப்பாக விழுந்திருந்ததால்தான் என் படமென்று கண்டுபிடித்தேன். அந்தக் கதையை நூறு தரம் சொல்லியிருக்கிறேன். இதைச் சொன்னதில்லை.

ஸ்டூடியோ திறந்த புதிதில், சடங்குக்கு எடுத்த ஒரு பிள்ளையின் படம் அழகாக வந்ததென்று, யாரையும் கேட்காமல் பெரிதாக்கி முன் கண்ணாடிப் பெட்டியில் வைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிள்ளையின் அப்பா சந்தைப் பையோடு வந்தார். நெடுநேரம் கண்ணாடிக்கு முன்னால் நின்றார். "இது என்ன விலைங்க?" என்றார். உங்களுக்கென்றால் பாதி விலைதான் என்றேன், மடையன் மாதிரி. "எங்களுக்கு வேணாங்க. கண்ணாடியில வச்சிருக்கீங்களே, யாருக்கு விக்கனு கேட்டேன்" என்றார். படத்தைக் கழற்றிக் கையில் கொடுத்தேன். காசு வாங்கவில்லை. அவரும் அதற்குப் பிறகு என் கடைக்கு வரவில்லை.

பொகவந்தலாவை சென் மேரிஸ் தேவாலயத்தில் ஜூலியா மார்கரெட் கமரனின் கல்லறையைக் காட்டினேனே, ஞாபகமா? 1875இல் இலங்கைக்கு வந்து 1879இல் இங்கேயே இறந்த, படம் எடுக்கிற வெள்ளைக்கார அம்மா. இங்கிலாந்தில் இருந்தபோது, அந்த நாட்டின் 1862ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் கீழ் தன் படங்களை நூற்றுக்கணக்கில் பதிந்து வைத்தவர். தன் உரிமையில் அவ்வளவு கவனம். இங்கே வந்து தோட்டத்து ஆட்களையும் எடுத்தார். படங்கள் மியூசியங்களில் இருக்கின்றன. நின்றவர்களில் அநேகம் பேருக்குப் பேரே இல்லை, பெண், சிறுமி, கூட்டம் என்றுதான் போட்டிருக்கிறது. உன் பக்கெட்டைப் பார்த்தபோது அந்த ஞாபகம்தான் வந்தது. எடுத்தவனிடம் அனுமதி வாங்கினாலும் அந்த அம்மாவிடம் யார் வாங்குவது? அவவும் எந்தத் தோட்டத்து லயக் குடியிருப்பிலோ இருக்கிறா. டவுன் கடையில் தன் முகத்தைத் தானே பார்க்க மாட்டாவா?

அதனால் அந்தப் படத்தை எடுத்துவிடு. கடைக்காரருக்குக் கொடுத்திருந்தால் இன்றைக்கே திருப்பிக் கேள். வருகிற சனிக்கிழமை ஹட்டனுக்கு பஸ் ஏறி வா, படத்தை நானே எடுத்துத் தருகிறேன். மேல் லயத்து அத்தையிடம் கேட்டேன், சம்மதம். ஆனால் கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டுகிற அந்தக் கிழிந்த படங்கோடு எடுக்கக் கூடாதாம், புதுச் சேலை கட்டிக்கொண்டுதான் மலைக்கு வருவாவாம். பேர் போடுவதா வேண்டாமா என்று மகளிடம் கேட்டுச் சொல்வாவாம். பக்கெட் என்ன விலைக்கு விற்பார்கள், அதில் தனக்கு என்ன தருவார்கள் என்றும் கேட்டா. எனக்குப் பதில் தெரியவில்லை. கடைக்காரரிடம் பேசிவிட்டு வா.

அன்புடன்,
அப்பா