‘நாஜி’ என்று சொல்லும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கண்டிப்பான வாத்தியாரைக்கூட ‘ஹிட்லர்’ என்று சொல்லிப் பழகிவிட்டோம். அதே வாய்ப்பழக்கத்தில் அரசியல் எதிராளியை ‘நாஜி’ என்று ஏசுகிறவர்கள் ஒரு தடவை நம் மொரிசியசில் இருக்கும் செயின்ட் மார்ட்டின் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்வர வேண்டும். ஹீப்ரு எழுத்தும் ஆறுமுனை நட்சத்திரமும் பொறித்த கற்கள் அங்கே வரிசையாக நிற்கின்றன.

வியன்னா, டான்ஸிக், ப்ராக் நகரங்களிலிருந்து ஹிட்லருக்குத் தப்பி ஓடிவந்தவர்களின் கல்லறைகள் அவை. ஹைஃபா துறைமுகம்வரை வந்துவிட்ட சுமார் 1580 யூதர்களை, பாலஸ்தீனத்தில் இறங்க அனுமதி இல்லையென்று பிரிட்டிஷ் அரசு 1940 டிசம்பரில் கப்பலேற்றி மொரிசியசுக்கு அனுப்பியது. ஆண்களை போ பாசேன் சிறை அறைகளில் போட்டார்கள். பெண்களைப் பக்கத்தில் தகரக் கொட்டகைகளில் வைத்தார்கள். டைபாய்டு, மலேரியா என்று நோய் தாக்கி 120க்கும் மேற்பட்டோர் இங்கேயே இறந்தார்கள். மற்றவர்கள் புறப்பட 1945 ஆகஸ்டு ஆனது.

இது பெரிய அநியாயம். ஆனாலும் இதை ‘நாஜி முகாம்’ என்று சொல்வது தவறு. அப்படிச் சொன்னவுடன் எதிர்த்தரப்பு, “நச்சுவாயு அறை எங்கே இருந்தது?” என்று கேட்டுத் தப்பித்துக்கொள்ளும். விசாரணையில்லாமல் நாலரை ஆண்டுக்கு மேல் அடைத்தார்கள், கணவனையும் மனைவியையும் பிரித்து வைத்தார்கள் என்று நடந்ததை நடந்தபடி சொன்னால் அதற்கு மறுப்பு கிடையாது.

ஒப்பிடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆளை விட்டுவிட்டு ஆணையையும் தேதியையும் பிடியுங்கள். ஹிட்லர் பதவியேற்றது 1933 ஜனவரி 30. பிப்ரவரி 27 இரவு நாடாளுமன்றக் கட்டடம் எரிந்தது. மறுநாளே அவசர ஆணை வந்து பேச்சுரிமை, பத்திரிகை உரிமை, கூட்டம்கூடும் உரிமை எல்லாம் போயின. மார்ச் 23 அன்று, நாடாளுமன்றத்தைக் கேட்காமலே சட்டம் போடும் அதிகாரம் 444க்கு 94 என்ற வாக்கில் நிறைவேறியது. கம்யூனிஸ்ட் உறுப்பினர்கள் சபைக்குள் வரவே முடியவில்லை. ஜூலை 14இல் நாஜிக் கட்சியைத் தவிர வேறு கட்சியே கூடாது என்று சட்டம். பதவியேற்று ஆறு மாதம்கூட ஆகவில்லை.

இதன் பக்கத்தில் நம் நாட்டின் 1971 டிசம்பர் அவசரநிலையை வைத்துப் பாருங்கள். எம்.எம்.எம். (மொரிசியஸ் போராளி இயக்கம்) என்ற எதிர்க்கட்சியின் தலைவர்களை விசாரணையின்றி அடைத்தார்கள். நடக்கவேண்டிய தேர்தல் 1976வரை தள்ளிப்போனது. இதுவரை சாயல் தெரிகிறது. ஆனால் 1976இல் அதே எம்.எம்.எம். போட்டியிட்டு 70 இடங்களில் 34 பிடித்தது. 1982இல் வாக்குச்சீட்டே ஆட்சியை மாற்றியது. ஒப்பீடு அதற்கு மேல் நகராது. எதுவரை ஒத்துப்போகிறது, எங்கே விலகுகிறது என்று இரண்டையும் சொல்லாதவர் கேட்கிறவரை ஏமாற்றுகிறார். தேர்தலைத் தள்ளிப்போட்டது தவறு என்று சொல்ல ஹிட்லரை இழுக்கவே வேண்டாம்.

தங்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்தச் சொல் வரும் பேச்சைத் தங்கள் இதழில் போடும்போது, எந்தச் சட்டத்தை, எந்த ஆணையை மனத்தில் வைத்துச் சொன்னார் என்று பேச்சாளரிடம் கேட்டு, அந்தப் பதிலையும் சேர்த்துப் போடுங்கள். பதில் சொல்லாவிட்டால், சொல்லவில்லை என்றும் போடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
ரோஸ் ஹில், மொரிசியஸ்