செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25: கால் எட்டியது, சந்தா எட்டவில்லை

மதிப்பிற்குரிய தலைவி அக்காவுக்கும், செயற்குழுவினருக்கும், ஞாயிற்றுக்கிழமை காலை தூக்கத்தை விட்டு வந்திருக்கும் பதினொரு பேருக்கும், வராமல் வாட்ஸப்பில் கைகூப்பும் படம் மட்டும் போடப்போகும் மற்றவர்களுக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை பைக் ஓட்டும் பெண்களான நம் சங்கத்தின் செயல்பாடுகளைச் சமர்ப்பிக்கிறேன்.

செயற்குழு ஏழு முறை கூடியது. அதில் இரண்டு முறை நானும் தலைவியும் மட்டும். ஆகஸ்ட் 15 கொடியேற்றம் நடந்தது. ஆயுத பூஜைக்கு வண்டிகளைக் கழுவிப் பொட்டு வைத்தோம். பொங்கல் விழா அல்சூரில் நடந்தது, சர்க்கரைப் பொங்கல் போதவில்லை. நந்தி மலை, ராமநகரம், கோலார் தங்கவயல் என்று மூன்று பயணங்கள். மார்ச் 8 அன்று ஒரு கம்பெனி நம்மைக் கூப்பிட்டு ஆளுக்கொரு ரோஜாப்பூ கொடுத்தது. பெட்ரோல் காசு கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை.

இனி, கால் தரைக்கு எட்டும்படி வண்டி சீட்டைத் தாழ்த்திய விஷயத்துக்கு வருகிறேன். இதைப் பற்றிக் குழுவில் பல பேச்சு ஓடிவிட்டதால் கொஞ்சம் விவரமாகவே எழுத வேண்டியிருக்கிறது.

ஜூலை மாதம் ஹொசூர் ரோட்டு சிக்னலில் நம் உறுப்பினர் ஒருவர் கீழே விழுந்தார். வேகத்தில் விழவில்லை, நின்றுகொண்டிருந்தபோது விழுந்தார். அவருடையது ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350. சீட் உயரம் 805 மில்லிமீட்டர், எடை 195 கிலோ. அவர் உயரம் ஐந்தடி. சிக்னலில் நின்று இடது காலை இறக்கினார், இறங்கிய இடத்தில் ஒரு பள்ளம். வண்டி ஓர் அங்குலம் சாய்ந்தால் தாங்கிவிடலாம், மூன்று அங்குலம் சாய்ந்துவிட்டால் பீமனே வந்தாலும் தாங்க முடியாது. பின்னால் இருந்த ஆட்டோக்காரர்தான் தூக்கிவிட்டார். அடி ஒன்றும் பெரிதில்லை. ஆனால் மறுநாளே அவர் வண்டிக்குக் கவர் போட்டு மூடிவிட்டு, தம்பியின் ஸ்கூட்டரில் வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டார்.

இதை அடுத்த செயற்குழுவில் சொன்னபோது, ஐந்தடி ஏழு அங்குலம் உள்ள ஒரு சகோதரி, "உயரத்துக்கு ஏத்த வண்டி வாங்கியிருக்கலாமே" என்றார். நிகழ்ச்சிக் குறிப்பில் இதை நான் எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன்.

ஏற்ற வண்டி எது என்று அவர் சொல்லவில்லை. சீட் உயரத்தைப் பார்த்தால் அவெஞ்சர் 737 மில்லிமீட்டர், மீட்டியார் 765, ஸ்பிளெண்டர் 785, ஹண்டர் 790. ஆக்டிவாகூட மீட்டியார் உயரம்தான், ஒரு மில்லிமீட்டர் முன்னே பின்னே இருக்கலாம். ஆனால் ஆக்டிவா 106 கிலோ, மீட்டியார் 191 கிலோ. அதாவது இது வெறும் உயரத்துக் கணக்கு இல்லை. நம் நாட்டுப் பெண்களின் சராசரி உயரம் சுமார் 152 சென்டிமீட்டர், ஐந்தடிதான். அப்படியென்றால் குள்ளம் என்று சொல்லப்படும் நாங்கள்தான் சராசரி. வண்டி செய்பவர்கள் மனதில் இருக்கும் ஆள்தான் வேறு. அந்தச் சகோதரி மன்னிக்கவும்.

ஆகஸ்டில் நான் செய்த முதல் வேலை அளவெடுப்பது. என் வீட்டு ஹால் சுவரில் முதுகை ஒட்டி, செருப்பில்லாமல் நின்று, தடித்த டைரி ஒன்றைக் கால்களுக்கு நடுவே மேல்வரை இறுக்கி வைத்து, டைரியின் மேல்விளிம்பு சுவரைத் தொடும் இடத்தில் பென்சில் கோடு. கோட்டிலிருந்து தரை வரை அளந்தால் கால் நீளம். வருகிறோம் என்று சொன்னவர்கள் இருபத்தாறு பேர், வந்தவர்கள் பதினான்கு. என் கோடு 67 சென்டிமீட்டரில் இருக்கிறது. ஐந்தடி மூன்று அங்குலம் உள்ளவரின் கோடு, ஐந்தடி ஐந்து உள்ளவரின் கோட்டுக்கு மேலே போனதைப் பார்த்து எல்லோருக்கும் ஆச்சரியம். ஆள் உயரம் வேறு, கால் நீளம் வேறு. கடையில் "உங்க ஹைட்டுக்கு இது சரிப்படாது மேடம்" என்று சொல்பவர்களுக்கு இது தெரியாது.

இரண்டாவது வேலை, ஜே.சி. ரோடு பக்கத்தில் சீட் கவர் தைக்கும் வாணியம்பாடிக்கார பாயைக் கண்டுபிடித்தது. முன்னால் போன இரண்டு கடைகளில் "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி" என்று என்னைத்தான் அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்ளச் சொன்னார்கள். பாய் மட்டும் வண்டியில் உட்காரச் சொல்லி, இரண்டு காலையும் இறக்கச் சொல்லி, உள்தொடை சீட்டில் அழுந்தும் இடத்தைச் சாக்பீஸால் கோடு போட்டார். "அம்மா, எல்லாரும் உயரத்தக் குறைங்கறாங்க. நீங்க மொதல்ல அகலத்தக் குறைங்க" என்றார்.

அவர் சொன்னது இதுதான். கால் நேராகக் கீழே இறங்குவதில்லை. சீட்டின் தோளைச் சுற்றி வளைந்து இறங்குகிறது. சீட்டின் முன்பக்கம் அகலமாக இருந்தால் அந்த வளைவிலேயே ஒன்றரை அங்குலம் போய்விடும். அதனால் நடுவில் அரை அங்குலத்துக்கு மேல் தொடாமல், டேங்க்கை ஒட்டிய இரண்டு ஓரங்களை மட்டும் ஆக்ஸா பிளேடால் செதுக்கி, கிரைண்டரில் வழவழப்பாக்கி, பழைய ரெக்சினையே இழுத்து ஸ்டேப்ளர் பின் அடித்தார். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. சிக்னலில் விழுந்த நம் உறுப்பினர் உட்கார்ந்து பார்த்தார். முன்பு பெருவிரல் நுனி மட்டும் தொட்ட இடத்தில் இப்போது பாதத்தின் முன்பாதி முழுக்கப் படிந்தது. எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார், குனிந்து தன் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தார். பாய் டீ சொல்லியிருந்தார், அது ஆறிப்போனது.

என் சீட்டை மட்டும் இரண்டு அங்குலம் எடுக்கச் சொல்லி நான்தான் அடம்பிடித்தேன். பாய் வேண்டாம் என்றார். கோலார் தங்கவயல் பயணத்தில் விளைவு தெரிந்தது. ஃபோம் மெலிந்துபோய், அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தட்டு ஒவ்வொரு வேகத்தடை ஹம்ப்பிலும் முதுகெலும்பு வரை பேசியது. பங்காருபேட்டையில் எல்லோரும் உட்கார்ந்து பானி பூரி சாப்பிட, நான் நின்றே சாப்பிட்டேன். 2001-ல் மூடிய சுரங்கத்தைப் பார்க்கப் போன இடத்தில், நம் உறுப்பினரின் மாமா தான் அங்கே வேலை செய்த கதையைச் சொன்னார், அதையும் நின்றே கேட்டேன். பிறகு கெட்டியான ஃபோம் வைத்து மறுபடி தைத்தாயிற்று. இந்த இரண்டாவது தையல் கூலி என் சொந்தக் காசு என்பதைக் குறித்துக்கொள்ளவும்.

இப்போது 4,800 ரூபாய் விஷயம். செயற்குழு ஒப்புதல் இல்லாமல் செலவு செய்ததாகப் பேசுகிறார்கள். ஒப்புதல் வாங்கக் கூட்டம் கூட்டினேன். வந்தவர்கள் நானும் தலைவியும். தலைவி அப்போது ஃபோனில் இருந்தார். அவர் தலையாட்டியது எனக்கா ஃபோனுக்கா என்று இன்று கேட்டால் நான் என்ன சொல்ல முடியும்?

அந்தப் பணத்தில், பின்னால் ஒற்றை ஷாக் அப்சார்பர் உள்ள ஒரு வண்டிக்கு, பின்பக்கத்தைத் தாழ்த்தும் லிங்க் என்ற இணைப்புத் துண்டு வாங்கி மாட்டினோம். பின்பக்கம் ஓர் அங்குலம் இறங்கியது, கால் அழகாக எட்டியது. மூன்று விஷயங்களை மாட்டிய மெக்கானிக்கும் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை. பின்பக்கம் இறங்கினால், முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கையும் கிளாம்பில் அதே அளவு மேலே ஏற்றி இறுக்க வேண்டும், இல்லையென்றால் வண்டி திரும்புவதே மாறிவிடும். இரண்டாவது, வண்டி இறங்கிவிட்டதால் சைட் ஸ்டாண்ட் நீளமாகிவிடும். வண்டி சாயாமல் நட்டுக்கொண்டு நிற்கும். அப்படி நின்ற வண்டி, தெருவில் தண்ணீர் லாரி போன அதிர்வில் எதிர்ப்பக்கம் விழுந்து பக்கத்து வீட்டுத் துளசி மாடத்தை உடைத்தது. மூன்றாவது, நம் லேஅவுட் ஹம்ப்கள். அடியில் தட்டாமல் ஒரு கிராஸ் தெருவைக்கூடத் தாண்ட முடியவில்லை. லிங்க்கைக் கழற்றிவிட்டோம். துளசி மாடத்தையும் சேர்த்துத்தான் 4,800. பாடம் கற்க ஆன செலவு என்று நான் எழுத, பொருளாளர் அதை "இதர" என்று மாற்றியிருக்கிறார்.

அதற்குப் பிறகு சங்கத்தின் முடிவு: ஃபோம், லீவர், ஸ்பிரிங் அட்ஜஸ்ட்மெண்ட் இதோடு சரி, வண்டியின் உடம்பில் கைவைக்கக் கூடாது. கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு சொல்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. கம்பெனியே தாழ்ந்த சீட் விற்றால் அதை வாங்குவது உத்தமம். ஹிமாலயன் 450 சீட்டை 825, 845 என்று இரண்டு நிலையில் வைக்கலாம், தாழ்ந்த சீட் தனியாக வாங்கினால் 805 வரை வரும். என் காலுக்கு அதுவும் மலைதான், அது வேறு கதை.

காசே ஆகாத வேலைகளுக்காக நவம்பரில் ஒரு ஞாயிறு முகாம் நடத்தினேன். ஏழு பேர் வந்தார்கள். பின்பக்க ஷாக்கின் ஸ்பிரிங்கைக் கடைசித் தளர்வுக்குத் திருப்பினோம். எண்பது கிலோ ஆள் உட்கார்ந்தால் அமுங்கும் வண்டி, நாற்பத்தெட்டு கிலோ ஆளுக்கு அவ்வளவு அமுங்குவதில்லை. அதே வண்டி நமக்கு மட்டும் உயரமாக நிற்பது இதனால்தான். பின்னால் ஆள் ஏற்றும் நாளில் மறுபடி இறுக்க வேண்டும், இல்லையென்றால் ஹெட்லைட் மரத்தைப் பார்க்கும். கிளட்ச் லீவரை விரலுக்குக் கிட்டே கொண்டுவந்தோம். கனத்த ஷூ போட்டு உயரம் சம்பாதிப்பவர்களுக்கு கியர் லீவரை ஒரு பல் மேலே மாற்றிக்கொடுத்தோம். இல்லாவிட்டால் ஷூ அதற்கு அடியில் நுழையாது.

சாலை நடுவில் மேடு, ஓரத்தில் சரிவு என்பதால், இடது ஓரமாக நிற்கும்போது இடது காலுக்குத்தான் தரை தூரம். ஏற்றம் இல்லாத இடத்தில் முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வலது காலை ஊன்றிப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். மேம்பாலம் ஏறும் இடத்தில் மட்டும் இதைச் செய்யாதீர்கள், அங்கே வலது காலால் மிதிக்கும் பின் பிரேக் வேண்டும். விழுந்த வண்டியைத் தூக்கவும் பழகினோம். கியரில் போட்டு, வலப்பக்கம் விழுந்திருந்தால் முதலில் சைட் ஸ்டாண்டை இறக்கிவிட்டு, வண்டிக்கு முதுகைக் காட்டி இடுப்பைச் சீட்டில் கொடுத்துக் காலால் நடந்து தூக்குவது. ஐம்பத்திரண்டு வயது உறுப்பினர் ஒருவர் மூன்றாவது முயற்சியில் புல்லட்டைத் தூக்கி நிறுத்தினார். படம் எடுக்க வேண்டியவர் அன்று வரவில்லை.

வராதவர்கள் என்றதும் சந்தா நினைவுக்கு வருகிறது. உறுப்பினர்கள் 41 பேர். ஆண்டுச் சந்தா 1,200 ரூபாய், மாதம் நூறு. கட்டியவர்கள் 17 பேர். பாதி கட்டியவர்கள் ஐந்து பேர். "அடுத்த வாரம்" என்றவர்கள் ஒன்பது பேர், அந்த வாரம் இன்னும் வரவில்லை. மற்ற பத்துப் பேர் என் செய்தியில் நீலக்குறி விழுந்தும் பேசாமல் இருக்கிறார்கள். பெயர் சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். கால் எட்டவில்லை என்று இரவு பத்து மணிக்கு ஃபோன் செய்த மூன்று பேர், சீட் செதுக்கிக் கால் எட்டியதும் அதே காலால் எங்கோ போய்விட்டார்கள். பாய் கடையில் நான் இரண்டு மணி நேரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தது அவர்கள் வண்டிக்காகத்தான்.

நம் ஊர்ப் பெண் ஐஸ்வர்யா பிஸ்ஸே 2019-ல் பாஹா என்ற பைக் பந்தய உலகக் கோப்பையில் பெண்கள் பிரிவை வென்றபோது எல்லோரும் ஸ்டேட்டஸ் வைத்தோம். ஸ்டேட்டஸுக்குச் சந்தா இல்லை என்பதால் நூறு சதவீதம் பங்கேற்பு.

கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். சுருக்கமாக, வரவும் செலவும் ஏறக்குறைய சரியாக வந்திருக்கின்றன. வராத இடத்தில் இரண்டு பேரின் கைக்காசு நிற்கிறது. அந்த இரண்டு பேர் யார் என்று கேட்டால் பொருளாளர் சொல்வார், நான் சொன்னால் நன்றாக இருக்காது.

பொங்கலுக்கு இடம் தந்தவர்களுக்கும், பயணங்களில் கடைசி வண்டியாக வந்து எல்லோரையும் சேர்த்துக் கொண்டுவந்த சகோதரிக்கும், பாய்க்கும், தலைவி அக்காவுக்கும், என் கணவருக்கும் நன்றி. யார் பெயராவது விட்டுப்போயிருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

வரும் ஆண்டுக்குச் செயலாளர் பொறுப்பை வேறு யாராவது எடுத்துக்கொண்டால் எனக்குச் சந்தோஷம்தான். சென்ற ஆண்டும் இதையே சொன்னேன், யாரும் கை தூக்கவில்லை. நானே தொடர வேண்டுமென்றால் ஒரு திட்டம் இருக்கிறது. சிவாஜிநகர் பழைய சாமான் கடைகளில் கிளாசிக், ஹண்டர், மீட்டியார் சீட் தலா ஒன்று வாங்கி, பாயிடம் செதுக்கி வைத்துக்கொண்டால், புதிதாக வருகிறவர்கள் தங்கள் சீட்டில் கத்தி வைக்கும் முன் ஒரு வாரம் மாட்டி ஓட்டிப் பார்க்கலாம். இதற்கு ஆகும் பணம், வராத சந்தாவில் கால்வாசிகூட இல்லை. சிக்னலில் விழுந்த உறுப்பினர் தன் சீட்டை ஒரு வாரம் இரவல் தருவதாக இப்போதே சொல்லியிருக்கிறார். அவர் ஜனவரியிலிருந்து மறுபடி கிளாசிக்கில்தான் வேலைக்குப் போகிறார்.

கடைசியாக, எங்கள் ஹால் சுவருக்குத் தீபாவளிக்கு முன் பெயிண்ட் அடிப்பதாக வீட்டில் முடிவாகிவிட்டது. பதினான்கு பென்சில் கோடும் என் நோட்டில் இருக்கிறது. அளவெடுக்காத பன்னிரண்டு பேரும் அதற்குள் ஒரு ஞாயிறு வந்துவிடவும். வரும்போது சந்தாவும் கொண்டுவரலாம், சில்லறை என்னிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
கௌரவச் செயலாளர்
பெங்களூரு