பெற்றோர்களுக்குத் தலைமையாசிரியர் கடிதம்: இரண்டாம் பருவச் செய்திகள்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

இரண்டாம் பருவம் முடியப்போகிறது. உபஜில்லா கலோத்சவத்தில் (கல்வித் துணை மாவட்ட அளவிலான பள்ளிக் கலைவிழாவில்) நம் பிள்ளைகள் பரிசு வாங்கினார்கள். விளையாட்டிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. கிறிஸ்துமஸ் தேர்வுக் கால அட்டவணை டைரியில் ஒட்டியிருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்பதாம் வகுப்பு கோயம்புத்தூர் மத்தியச் சிறைக்குப் போய்வந்ததைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிய வ.உ.சி.க்கு 1908இல் விதித்த தண்டனை 40 ஆண்டு. மேல்முறையீட்டில்தான் குறைந்தது. கோவைச் சிறையில் மாட்டுக்குப் பதிலாக அவரைப் பூட்டிச் செக்கிழுக்க வைத்தார்கள். அந்தச் செக்கு இன்றும் அங்கே இருக்கிறது. பிறகு அவரைக் கொண்டுபோனது நம் கேரளத்துக் கண்ணூர்ச் சிறைக்கு. 1912 டிசம்பரில்தான் விடுதலை. இதையெல்லாம் செக்கின் பக்கத்தில் நின்று சொல்ல வேண்டும் என்றுதான் அனுமதிக்கு அலைந்தோம்.

அது இன்றும் கைதிகள் இருக்கும் இடம். கைப்பேசி கூடாது என்று சம்மதப் படிவத்திலேயே எழுதி, உங்கள் கையெழுத்தும் வாங்கியிருந்தோம். ஆனால் வாசலைத் தாண்டியதும் ஒரு பையிலிருந்து மணி அடித்தது. தயிர்சாத டப்பாவுக்கு அடியில் ஃபோன். எடுத்தால், "சாப்ட்டயா கண்ணு?" அதற்குப் பிறகு எல்லோர் பையையும் கொட்டிப் பார்த்தார்கள். இன்னும் சில ஃபோன்கள் கிடைத்தன. காவலர்கள் கோபப்படவில்லை, எங்களுக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. சோதனையிலேயே நேரம் போய், செக்கைப் பிள்ளைகள் சுற்றி வந்து பார்த்ததோடு சரி.

உங்கள் பயம் புரிகிறது. எல்லை தாண்டிப் போகிற பிள்ளை, அம்மா மனசு கேட்காது. ஆனால் விசாரித்தபோது, "வீட்டில்தான் ஒளித்து எடுத்துப்போகச் சொன்னார்கள்" என்று பிள்ளைகள் சொன்னார்கள். கையெழுத்தும் போட்டுவிட்டு ஒளிக்கவும் சொல்லிக்கொடுத்தால், பள்ளிக்கூடத்தில் நாங்கள் எந்த ஒழுங்கைப் பற்றிப் பேசுவது? இனி பயணத்தில் ஃபோன் கொண்டுவரும் பிள்ளை பஸ் ஏறாது. இதில் யாருக்கும் சலுகை கிடையாது, பெற்றோர் ஆசிரியர் சங்க (பி.டி.ஏ.) நிர்வாகிகள் வீட்டுப் பிள்ளைகளுக்கும்தான்.

எட்டாம் வகுப்பு ஜனவரியில் பயணம் போகிறது. கிளம்பியதும், சாப்பிட்டதும், திரும்பும்போதும் வகுப்பாசிரியர் வாட்ஸ்அப் குழுவில் செய்தி போடுவார். அவசரம் என்றால் அவரையே கூப்பிடலாம், எத்தனை முறை வேண்டுமானாலும்.

ஜெயில் வாசலை மிதிக்கலாமா என்று தயங்கியவர்களும் கடைசியில் பிள்ளைகளை அனுப்பிவைத்தீர்கள். எலுமிச்சை சாதம் கட்டிக் கொடுத்த தாய்மார்களுக்கும், மாலையில் பஸ் வருமுன்பே வந்து காத்திருந்தவர்களுக்கும் ஆசிரியர்கள் எல்லோர் சார்பிலும் நன்றி. எட்டாம் வகுப்புச் சம்மதப் படிவத்தைத் தேர்வு முடிவதற்குள் கொடுத்தனுப்புங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்