வெள்ளம் வடிந்த பிறகும் பள்ளி ஏன் திறக்கவில்லை: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். தண்ணீர் வடிந்துவிட்டது, வகுப்பறைகளில் சேறு அள்ளிக் கழுவியாயிற்று, இன்னும் ஏன் பள்ளி திறக்கவில்லை என்று பலரும் கேட்கிறீர்கள். வேலைக்குப் போகிறவர்களுக்குப் பிள்ளையை யாரிடம் விட்டுப்போவது என்பதே பெரிய கவலை என்று தெரியும். அதனால் கல்வி மாவட்டம் எப்படி முடிவெடுக்கிறது என்பதை விரிவாகவே எழுதுகிறேன்.

மாவட்டத் தலைமை ஒரு தேதியைக் குறித்துவிட்டு அதற்குள் வேலையை முடிக்கச் சொல்லவில்லை. கட்டடம், மின்சாரம், குடிநீர், கழிப்பறை என்று நான்குக்கும் தனித்தனியே பொறுப்பாளர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். நான்கும் வந்த பிறகே திறப்பு. இதுதான் சரியான முறை என்பது என் கருத்தும். தேதியைத் துரத்தினால் முதலில் நடப்பது வெள்ளையடிப்பு. கண்ணுக்குத் தெரிகிற வேலை அதுதான். ஈரச் சுவரில் பெயின்ட் அடித்தால் ஈரம் உள்ளேயே அடைபட்டு, சில வாரங்களில் பெயின்ட் உப்பி உரியும், பூஞ்சை படரும். மூச்சிழுப்பு (ஆஸ்துமா) உள்ள பிள்ளைக்கு அந்த அறையில் உட்காரவே முடியாது. ஈரம் காய்ந்துவிட்டதா என்று அறிய, ஒன்றரை அடிச் சதுர பாலித்தீன் தாளைத் தரையிலோ சுவரிலோ வைத்து நான்கு ஓரமும் டேப் ஒட்டி, 16 மணி நேரம் கழித்துப் பாருங்கள். தாளின் உட்பக்கம் நீர் கோத்திருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. உங்கள் வீட்டிலும் பெயின்ட் வாங்குவதற்கு முன் இதைச் செய்துபாருங்கள்.

மின்சாரத்தில் சமரசமே இல்லை. தண்ணீரில் மூழ்கிய சுவிட்ச், பிளக், எம்சிபி (மின்சுமை கூடினால் தானே துண்டிக்கும் சுவிட்ச்) எதையும் காயவைத்துத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது. நீர் காய்ந்தாலும் உப்பும் வண்டலும் உள்ளே தங்கி மின்கசிவுக்கு வழிசெய்யும். எல்லாவற்றையும் மாற்றி, 500 வோல்ட் மெகர் (வயரின் மின்காப்பை அளக்கும் கருவி) வைத்து வயர்களைச் சோதித்து, மின்காப்பு குறைந்தது 1 மெகாஓம் காட்டினால்தான் மெயினைப் போடலாம். மின்கசிவு 30 மில்லி ஆம்பியரை எட்டினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கசிவுத் தடுப்பானும் இருந்தாக வேண்டும்.

உண்மையில் நம் பள்ளியைத் தாமதப்படுத்துவது கழிப்பறை. செப்டிக் டேங்கில் வெள்ளநீரும் சேறும் நிறைந்திருக்கிறது. ‘லாரியை வரவழைத்து உறிஞ்சிவிட வேண்டியதுதானே’ என்று சிலர் கேட்டீர்கள். நிலத்தடி நீர் இன்னும் மேலேயே நிற்கிறது. இந்த நிலையில் தொட்டியை முழுவதும் காலி செய்தால், சுற்றியுள்ள நீரின் அழுத்தம் காலித் தொட்டியைப் படகுபோல மேலே தூக்கும். தொட்டி விரிசல் விடும், குழாய் இணைப்புகள் பிய்ந்துபோகும். பிறகு வாரக் கணக்கு மாதக் கணக்காகிவிடும். நீர்மட்டம் தொட்டியின் அடிக்குக் கீழே இறங்கியது உறுதியான பிறகே அதில் கைவைக்க முடியும். கழிப்பறை இல்லாமல் பள்ளியைத் திறந்தால் என்ன நடக்கும்? பிள்ளைகள், அதிலும் வளர்ந்த பெண் பிள்ளைகள், நாள் முழுக்கத் தண்ணீரே குடிக்காமல் அடக்கிக்கொண்டிருப்பார்கள். அதற்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

குடிநீர்த் தொட்டியைத் தேய்த்துக் கழுவி நிரப்பியபின், 1000 லிட்டருக்கு 150 கிராம் ப்ளீச்சிங் பவுடர் (33 சதவீத குளோரின் உள்ளது) கலந்து 12 மணி நேரம் விட்டு, முழுவதையும் திறந்துவிட வேண்டும். அந்த நீர் செப்டிக் டேங்குக்குள் போகக் கூடாது. கழிவை மட்கச் செய்யும் நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும். அடுத்து நிரப்பும் நீர் குடிக்க. அதில் குளோரின் கலந்து அரை மணி நேரம் கழித்து லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் மிச்சம் இருக்க வேண்டும். கலங்கல் நீரில் குளோரினை அழுக்கே தின்றுவிடுவதால் முதலில் தெளியவைக்க வேண்டும். திறந்துவைத்த பழைய பவுடரில் வீரியம் இருக்காது. வீட்டில் இதைக் கழிப்பறை ஆசிடோடு சேர்த்துவிடாதீர்கள், நச்சு வாயு கிளம்பும்.

அதுவரை பாதிக்கப்படாத பக்கத்துப் பள்ளிக் கட்டடத்தை மாவட்டம் நமக்கும் பகிர்ந்து தருகிறது: அவர்களுக்குக் காலை, நமக்கு மதியம். 2011 பிப்ரவரியில் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் நிலநடுக்கத்துக்குப் பிறகு இப்படித்தான் பள்ளிகள் நடந்தன. பேருந்துத் தடத்தை ஓட்டுநர்கள் முதலில் சிறிய வண்டியில் போய்ப் பார்ப்பார்கள். மேலே தார் நன்றாக இருந்தாலும் சிறுபாலங்களின் அடியில் மண் அரித்துப்போயிருக்கலாம். நம் ஆசிரியர்களில் சிலர் வீட்டிலும் தண்ணீர் புகுந்தது. அவர்கள் திரும்பும்வரை மாவட்டம் மாற்று ஆசிரியர்களை அனுப்புகிறது.

முதல் இரண்டு வாரம் தேர்வு கிடையாது. சீருடை, புத்தகம், சான்றிதழ் இல்லை என்று எந்தப் பிள்ளையையும் நிறுத்திவைக்க மாட்டோம்; அனுப்பிவையுங்கள், போதும்.

பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. மழைச் சத்தம் கேட்டால் நடுங்குவது, உங்களை விட்டு நகராமல் ஒட்டிக்கொள்வது, நின்றுபோன படுக்கை நனைப்பு திரும்புவது, இவை முதல் சில வாரங்களில் இயல்பு. திட்டாதீர்கள். ‘என்ன பார்த்தாய், சொல்லு’ என்று தோண்டிக் கேட்கவும் வேண்டாம். வற்புறுத்திச் சொல்லவைப்பது நல்லதல்ல. அவர்களாகச் சொன்னால் கேளுங்கள். சாப்பாடும் தூக்கமும் பழைய நேரத்துக்குத் திரும்பினாலே பாதி தெளிவார்கள். ஒரு மாதம் தாண்டியும் குறையாவிட்டால் வகுப்பாசிரியரிடம் சொல்லுங்கள், ஆலோசகரைச் சந்திக்க நாங்கள் ஏற்பாடு செய்கிறோம். தன்னையோ பிறரையோ காயப்படுத்திக்கொண்டால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம்.

தினமும் மாலை 6 மணிக்குப் பள்ளியிலிருந்து ஒரு குறுஞ்செய்தி வரும். புதிதாக எதுவும் இல்லையென்றாலும் ‘மாற்றமில்லை’ என்றாவது வரும். அதைத் தவிர வேறெங்கு வரும் தேதியையும் நம்ப வேண்டாம்.

இத்துடன் உள்ள படிவத்தில் இப்போது தங்கியிருக்கும் இடம், வேலை செய்யும் கைபேசி எண், பிள்ளையை அழைத்துப்போகக்கூடிய இரண்டு பேரின் பெயர் ஆகியவற்றை எழுதித் தாருங்கள். அந்த இருவரில் ஒருவர் வெள்ளம் வராத பகுதியில் இருப்பவராக இருக்கட்டும். படிவத்தில் பெயர் இல்லாதவரிடம், சொந்தக்காரராகவே இருந்தாலும், பிள்ளையை அனுப்ப மாட்டோம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்