வெளியேறும் விதியை இப்போதே எழுதுங்கள்: பாக்-12 தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பாக்-12 கான்ஃபரன்ஸைச் சேர்ந்த ஒன்பது பல்கலைக்கழகங்களின் தலைவர்களுக்கும், ஆணையர் தெரசா கூல்ட் அவர்களுக்கும்,

வணக்கம்.

நான் வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் பழைய மாணவன். இந்த மடலைத் தமிழில் எழுதக் காரணம், எனக்குக் கோபம் ஒழுங்காக வருவது இந்த மொழியில்தான். உங்கள் வளாகங்களில் தமிழ் படிக்கத் தெரிந்த மாணவர்கள் நிச்சயம் இருப்பார்கள். ஒருவரைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லுங்கள். ஒரு காபியும் வாங்கிக் கொடுங்கள்.

நான் கேட்கப்போவது ஒன்றுதான். நாளை ஒரு பல்கலைக்கழகம் உங்களை விட்டுப் போனால், எஞ்சியவர்களுக்கு என்ன கிடைக்கும்? இதை எல்லோரும் நண்பர்களாக இருக்கும் இந்த நேரத்திலேயே சாசனத்தில் எழுதிவிடுங்கள். தொலைக்காட்சி ஒப்பந்தங்கள் முடியப்போகும் 2030 நெருங்கியபின் எழுதலாம் என்றிருந்தால் எழுதவே மாட்டீர்கள்.

உடன் படிக்கும் தமிழ் வாசகர்களுக்காகச் சிறிது விளக்கம். அமெரிக்காவில் பல்கலைக்கழக விளையாட்டு என்பது நம் ஊர்க் கல்லூரி ஆண்டு விழாப் போட்டி போன்றதன்று. பல்கலைக்கழகங்கள் கூட்டமாகச் சேர்ந்து, தங்களுக்குள் ஆடி, அந்த ஆட்டங்களின் ஒளிபரப்பு உரிமையைத் தொலைக்காட்சிகளுக்கு விற்கின்றன. அந்தக் கூட்டத்துக்குப் பெயர்தான் கான்ஃபரன்ஸ். ஒரு காலத்தில் ஒளிபரப்பு முழுவதையும் என்சிஏஏ என்ற தேசிய அமைப்பு தன் கையில் வைத்திருந்தது. அது சட்டவிரோதம் என்று 1984இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அன்று முதல் யாரோடு சேர்ந்து விற்றால் அதிகம் கிடைக்கும் என்பதே கேள்வியாகிவிட்டது. அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் சேர்ந்து ஆடுவது என்ற பழைய காரணம் மெல்லத் தேய்ந்தது.

2022 ஜூன் 30 அன்று, பாக்-12இல் இருந்த லாஸ் ஏஞ்சலிஸ் பல்கலைக்கழகங்களான யுஎஸ்சி, யுசிஎல்ஏ இரண்டும் பிக் டென் கான்ஃபரன்ஸுக்குப் போவதாக அறிவித்தன. ஏழு ஆண்டுகளுக்குச் சுமார் 700 கோடி டாலர் தொலைக்காட்சிப் பணம் அங்கே காத்திருந்தது. 2023 ஜூலையில் கொலராடோ கிளம்பியது. ஆகஸ்ட் 4 அன்று ஒரே நாளில் ஐந்து போயின: ஓரிகனும் வாஷிங்டனும் (‘ஸ்டேட்’ என்று முடிபவை வேறு பல்கலைக்கழகங்கள்) பிக் டென்னுக்கு, அரிசோனாவும் அரிசோனா ஸ்டேட்டும் யூட்டாவும் பிக் 12க்கு. செப்டம்பர் 1 அன்று ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸில் சேர்ந்தன. பசிபிக் கரையிலிருந்து அட்லாண்டிக் கரைக்கு! அதுவும் பல ஆண்டுகளுக்குக் குறைந்த பங்கே போதும் என்று ஒப்புக்கொண்டு. பன்னிரண்டில் மிஞ்சியவை இரண்டு: ஓரிகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட்.

போனவர்களைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. (திட்ட வேண்டியதை 2024 செப்டம்பரில் சியாட்டிலில் எங்கள் பையன்கள் மைதானத்திலேயே செய்துவிட்டார்கள். வாஷிங்டனுக்கு எதிராக 24-19. இதைக் குறிப்பிடாமல் என்னால் அடுத்த பத்திக்குப் போக முடியாது.) அவர்கள் ஏன் வெளியேறுவதற்கென்று அபராதம் எதுவும் கட்டாமல் போக முடிந்தது என்பதுதான் எனக்கு முக்கியம். உறுப்பினர்களைக் கட்டிவைத்திருந்தது ஒளிபரப்பு உரிமைப் பத்திரம் ஒன்றுதான். அது 2024 கோடையில் முடிந்தது. ஒப்பந்தம் முடியும் நாளுக்கு முன்னால் யாரும் வேறு கயிறு திரித்து வைக்கவில்லை.

இது முதல் முறையும் அல்ல. 1915இல் நான்கு பல்கலைக்கழகங்கள் சேர்ந்து பசிபிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸைத் தொடங்கின; இன்றைய ஓரிகன் ஸ்டேட் அவற்றில் ஒன்று. 1917இல் வாஷிங்டன் ஸ்டேட் வந்தது, 1922இல் ஐடஹோ வந்தது. 1950களில் வீரர்களுக்குக் கள்ளத்தனமாகப் பணம் கொடுத்த விவகாரம் வெடித்து, 1959இல் அந்தக் கான்ஃபரன்ஸ் கலைந்தது. கலிஃபோர்னியாவின் நால்வரும் வாஷிங்டனும் தங்களுக்குள் புதிதாக ஒன்றைத் தொடங்கிக்கொண்டார்கள். ஓரிகன், ஓரிகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட், ஐடஹோ ஆகிய நான்கும் தெருவில் நின்றன. 1962இல் வாஷிங்டன் ஸ்டேட்டையும், 1964இல் ஓரிகனின் இரண்டையும் மீண்டும் உள்ளே அழைத்தார்கள். ஐடஹோவை யாரும் கூப்பிடவில்லை.

ஐடஹோ பல்கலைக்கழகம் இருக்கும் மாஸ்கோ நகரம், வாஷிங்டன் ஸ்டேட் இருக்கும் புல்மனிலிருந்து சுமார் 13 கிலோமீட்டர். மாநில எல்லையைத் தாண்டினால் வந்துவிடும். அதே கோதுமைக் குன்றுகள், அதே பனி, வேளாண்மையும் பொறியியலும் கற்பிக்கும் அதே வகை அரசுப் பல்கலைக்கழகம். ஆனால் 1959க்குப் பிறகு அதன் விளையாட்டுக் கதை வேறு. பல ஆண்டுகள் கீழ்ப்படியில் ஆடிவிட்டு 1996இல் மேல்படிக்கு ஏறியது. பிக் வெஸ்ட், சன் பெல்ட், மேற்கத்திய கான்ஃபரன்ஸ் ஒன்று, இடையில் ஓராண்டு எங்கும் சேராத தனிமை, திரும்பவும் சன் பெல்ட் என்று அலைந்தது. சன் பெல்ட் என்றால் லூசியானாவும் அலபாமாவும். கனடா எல்லையை ஒட்டிய ஐடஹோவின் பிள்ளைகள் உண்மையிலேயே அங்கே போய் ஆடினார்கள். கடைசியில் சன் பெல்ட்டும் போதும் என்று சொல்லிவிட, 2018இல் ஐடஹோ தன் ஃபுட்பாலை (நம் கால்பந்து அல்ல, அமெரிக்க ஃபுட்பால்) கீழ்ப்பிரிவுக்கு இறக்கிக்கொண்டது. அப்படித் தானாக இறங்கிய முதல் பல்கலைக்கழகம் அது. எல்லோரும் பரிதாபப்பட்டார்கள். ஆனால் அதன் பின்னர் என்ன நடந்தது? பக்கத்து மாநிலங்களோடு ஆடி, 2022, 2023, 2024 மூன்று ஆண்டுகளும் பிளேஆஃப் சுற்றுக்குப் போனார்கள். பதினாறாயிரம் பேர் அமரும் சிறிய உள்ளரங்கில் மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறார்கள். இறங்கியது அவர்களை அழிக்கவில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேல் அலைந்ததுதான் அவர்களைத் தின்றது.

உங்களில் ஓரிகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட் தலைவர்களிடம் ஒரு வார்த்தை. இரண்டு பேர் மட்டும் இருந்த ஒரு கான்ஃபரன்ஸை நீங்கள் எப்படிக் காப்பாற்றினீர்கள் என்று நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். பணத்தால் அல்ல. ரசிகர் கூட்டத்தாலும் அல்ல. புல்மன் அரங்கத்தில் உள்ள இருக்கைகளும் புல்மன் நகரத்து மக்கள்தொகையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். உங்களைக் காப்பாற்றியது சாசனத்தில் இருந்த ஒரு விதி. குறிப்பிட்ட தேதிக்கு முன் வெளியேறுவதாக அறிவிப்புக் கொடுக்கும் உறுப்பினர், ஆட்சிக் குழுவில் வாக்கை இழப்பார் என்பது அது. அதைப் பிடித்துக்கொண்டு விட்மன் கவுன்டி நீதிமன்றத்துக்குப் போனீர்கள். 2023 நவம்பரில் நீதிபதி கேரி லிபி உங்கள் பக்கம் தடையுத்தரவு கொடுத்தார். டிசம்பரில் மாநில உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்தது. அதன் பிறகே போன பத்துப் பேரும் சமரசத்துக்கு வந்து, ஆறரைக் கோடி டாலரை விட்டுக்கொடுத்தார்கள். பெயரும், வங்கிக் கணக்கும், கூடைப்பந்துப் போட்டிகளால் வரவிருந்த தொகையும் உங்கள் கையில் நின்றன. எழுதப்பட்ட ஒரு வாக்கியத்தின் வலிமையை அமெரிக்காவில் உங்களைவிட நன்றாக அறிந்தவர் யார்?

அடுத்து நீங்கள் செய்ததைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. 2024 பருவத்துக்கு எதிராளிகள் இல்லாமல் தவித்தபோது மௌன்டன் வெஸ்ட் கான்ஃபரன்ஸ் உங்களோடு ஆட ஒப்புக்கொண்டது. அதற்குப் பணம் வாங்கினார்கள், உண்மைதான். கூடவே ஒரு நிபந்தனையும் வைத்தார்கள்: எங்கள் உறுப்பினரைப் பறித்தால் முதலாமவருக்கு ஒரு கோடி டாலர், அதன் பின் ஒவ்வொருவருக்கும் ஐந்து லட்சம் கூடுதல். கையெழுத்துப் போட்டீர்கள். 2024 செப்டம்பரில் பாய்சி ஸ்டேட், கொலராடோ ஸ்டேட், ஃப்ரெஸ்னோ ஸ்டேட், சான் டியாகோ ஸ்டேட், யூட்டா ஸ்டேட் ஐவரையும் இழுத்துக்கொண்டீர்கள். கணக்கு ஐந்தரைக் கோடி. அதே மாதம் அந்த நிபந்தனை போட்டிச் சட்டத்துக்கு விரோதம் என்று வழக்குப் போட்டீர்கள்.

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள் எங்கள் ஊரில். லாஸ் ஏஞ்சலிஸ் உடைத்தபோது நீங்கள் அழுதது பொன்குடத்துக்கான அழுகை. மௌன்டன் வெஸ்ட்டில் விட்டுவரப்பட்ட வயோமிங், நியூ மெக்சிகோ, நெவாடா, ஹவாயி, சான் ஹோசே ஸ்டேட் ஆகியோருடையது மட்டும் மண்குடமா? எட்டு ஃபுட்பால் உறுப்பினர்கள் இல்லாவிட்டால் அங்கீகாரம் போய்விடும் என்ற நெருக்கடி உங்களுக்கு இருந்தது. ஆள் சேர்த்ததை நான் குற்றம் சொல்லவில்லை. சேர்த்துக்கொண்டு, ஒப்புக்கொண்ட விலையை மறுப்பதுதான் கசக்கிறது. சட்டப்படி யார் பக்கம் என்பதை நீதிபதிகள் பார்த்துக்கொள்ளட்டும். ஆனால், பிரிவு விதியை நீதிமன்றத்தில் உடைக்கப் பார்க்கும் ஒரு கூட்டம், தனக்கென ஒரு பிரிவு விதி எழுதும்போது அதை உறுப்பினர்கள் எவ்வளவு மதிப்பார்கள்?

பாய்சி ஸ்டேட்டும் சான் டியாகோ ஸ்டேட்டும் 2011இல் நாட்டின் மறுகோடியில் இருந்த பிக் ஈஸ்ட் கான்ஃபரன்ஸுக்குப் போவதாக அறிவித்தவை. அது சிதைந்ததும், போய்ச் சேர்வதற்கு முன்பே திரும்பி வந்தன. இது குறையன்று, அழைப்பு வந்தால் போவார்கள் என்பதற்கு அத்தாட்சி. பாய்சி ஸ்டேட் 2024இல் தேசிய பிளேஆஃப் சுற்றில் மூன்றாம் தரவரிசையில் நின்றது. அப்படிப்பட்ட அணியைத் தேடி நாளை பிக் 12 வராது என்று யாராவது சத்தியம் செய்வார்களா? சிபிஎஸ் தொலைக்காட்சியோடு உங்கள் ஒப்பந்தம் 2030-31 பருவத்தோடு முடிகிறது. பிக் 12இன் ஒப்பந்தமும் அதே பருவத்தில் முடிகிறது. பிக் டென்னுடையது அதற்கு ஓராண்டு முன்னால். எல்லாக் கதவுகளும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் திறக்கப்போகின்றன. இப்போது நீங்கள் என்ன பத்திரத்தில் கையெழுத்திட்டிருந்தாலும், அது தொலைக்காட்சி ஒப்பந்தத்தோடு சேர்ந்து காலாவதியாகும் என்றால், 2023 கோடை மறுபடியும் வரும்.

சாசனத்தில் எழுதச் சொல்வது கடினமான ஒன்றன்று. வெளியேற விரும்பும் உறுப்பினர் இரண்டு ஆண்டு முன்னறிவிப்புத் தர வேண்டும். ஒளிபரப்பு ஒப்பந்தம் இருக்கிறதா முடிந்ததா என்பது இதைப் பாதிக்கக் கூடாது. வெளியேறும் கட்டணம் உண்டு. அது எஞ்சியவர்களின் ஃபுட்பால் பயிற்சியாளர் சம்பளத்துக்குப் போகக் கூடாது, மற்ற விளையாட்டுகளுக்கே போக வேண்டும். ஏன் என்றால், ஒவ்வொரு இடப்பெயர்ச்சியிலும் முதலில் அடிபடுவது அவைதான். ஹென்றி ரோனோ என்ற கென்ய மாணவர் 1978இல் 81 நாட்களில் நான்கு உலக சாதனைகளை நிகழ்த்தினார். அப்போது அவர் படித்தது வாஷிங்டன் ஸ்டேட்டில். அதே பல்கலைக்கழகம் 2025 ஜூனில் எறிதல், தாண்டுதல் போட்டிகளை நிறுத்தி, குறுகிய ஓட்டங்களையும் சுருக்கிவிட்டது. ரோனோவின் நெடுந்தூர ஓட்டம் மட்டும் தப்பியது. அதற்கு அடுத்த மாதத்திலிருந்து வீரர்களுக்கு வருமானத்தில் நேரடியாகப் பங்கு கொடுக்கலாம் என்ற புதிய ஏற்பாடும் வந்துவிட்டது. ஆண்டுக்கு ஏறத்தாழ 2 கோடி டாலர் வரை கொடுக்கக்கூடிய பெரிய பல்கலைக்கழகங்களோடு புல்மன் ஏலத்தில் நிற்க முடியாது. கேம் வார்ட் என்ற ஃபுட்பால் வீரர் எங்களிடம் இரண்டு பருவம் ஆடிவிட்டு மயாமிக்குப் போனார்; 2025இல் என்எஃப்எல் என்ற தொழில்முறை லீகின் தேர்வில் முதல் பெயர் அவருடையது. இது இனி வழக்கமாக நடக்கும்.

அதனால் ஃபுட்பாலைத் தவிர்த்த மற்ற விளையாட்டுகளைப் பக்கத்து ஊர்களோடு ஆட விடுங்கள். ஃபுட்பால் அணி ஆண்டுக்கு ஐந்தாறு முறை பறக்கிறது, பறக்கட்டும். உங்கள் உறுப்பினரான டெக்சஸ் ஸ்டேட் இருக்கும் சான் மார்கோஸ் புல்மனிலிருந்து சுமார் 2,500 கிலோமீட்டர். செவ்வாய்க்கிழமை மாலை வாலிபால் ஆடிவிட்டு புதன்கிழமை காலை வேதியியல் தேர்வு எழுதும் பெண்ணை அங்கே அனுப்பாதீர்கள். இன்னொரு உறுப்பினரான கொன்சாகா இருக்கும் ஸ்போகேன் 120 கிலோமீட்டர், பஸ்ஸில் போய் வந்துவிடலாம். 1941க்குப் பிறகு ஃபுட்பாலே ஆடாத அந்தச் சிறிய ஜெசூட் பல்கலைக்கழகம்தான் கூடைப்பந்தில் உங்கள் கான்ஃபரன்ஸின் மிகப் பெரிய பெயர் என்பதையும் கவனியுங்கள். ஓரிகன் ஸ்டேட்டின் பேஸ்பால் அணி 2025இல் எந்தக் கான்ஃபரன்ஸிலும் சேராமல் தனியாகவே ஆடி ஓமஹாவில் நடக்கும் இறுதிக் கட்டம் வரை போனது. சிறிய ஊர்ப் பல்கலைக்கழகத்துக்கு எதிர்காலம் இல்லை என்பவர்கள் ஃபுட்பால் டிவி கணக்கை மட்டும் பார்ப்பவர்கள்.

இந்த விதியை அடுத்த கூட்டத்திலேயே வாக்கெடுப்புக்கு வையுங்கள். முதல் கையெழுத்தை வாஷிங்டன் ஸ்டேட் போடட்டும். இரண்டாவது பாய்சியுடையதாக இருந்தால் நான் நிம்மதியாகத் தூங்குவேன். அவர்கள் பேனாவை எடுக்கத் தயங்கினால், 2031இல் தெரிய வேண்டியது நமக்கு இப்போதே தெரிந்துவிடும். வயோமிங்குக்கும் நியூ மெக்சிகோவுக்கும் பேச ஆள் அனுப்ப இன்னும் நேரமிருக்கும். ஐந்தரைக் கோடியைப் பற்றிய பேச்சோடு அதைத் தொடங்கலாம்.

இப்படிக்கு,
புல்மனில் படித்த ஒருவன்