மாதுளையைத் தனியா நடாதீங்க

ஆசிரியருக்கு வணக்கம்,

போன இதழ்ல வீட்டு வாசலுக்கு வைக்கிற அழகு மரங்கள் பத்தி வந்த கட்டுரை படிச்சேன், படமெல்லாம் கண்ணுக்கு நல்லா இருந்துச்சு, ஆனா அதுல ஒண்ணுகூட பழம் தர்ற மரம் இல்லையே. எங்க செட்டிநாட்டுப் பக்கம் புதுசா கட்டுற வீடெல்லாம் இப்ப அப்படித்தான், வாசல்ல ரெண்டு அலங்காரப் பனை, சுத்தி டைல்ஸ், முடிஞ்சது. அந்த எடத்துல ஒரு மாதுளை வைங்களேன். அந்த செவப்புப் பூவுக்காகவே வைக்கலாம், நம்ம செம்மண்ணு சரளைக்கும் வெயிலுக்கும் தாங்குற மரம், பழமும் கெடைக்கும்.

ஆனா தனியா நட்டுட்டு சுத்தி மண்ணை மொட்டையா செதுக்கி விட்றாதீங்க, இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே. காய் வெடிக்குதுன்னுதான் இங்க எல்லாரும் சொல்றாங்க. புரட்டாசி வரைக்கும் மண்ணு காஞ்சு கெடக்கும், ஐப்பசியில மழை ஒரேயடியா ஊத்தும், முத்துன காய் திடீர்னு தண்ணியை இழுத்து தோல் தாங்காம பொளந்துரும். போரான் சத்து கொறைஞ்சாலும் வெடிக்கும்தான், இருந்தாலும் நம்மூர்ல முதல் காரணம் ஈரம் ஏறி எறங்குறது. மரத்தடியில தட்டப்பயறு (கொடி ஏறாத குத்துச்செடி ரகம்) போட்டு மூடி வச்சா வெயில் நேரா மண்ணுல விழாது, ஈரம் சீரா நிக்கும், அந்தப் பயறு தன் வேர் முடிச்சுல தழைச்சத்தும் சேர்க்கும், பயறுக்காய் பறிச்சதும் செடியை வேரோட பிடுங்காம அறுத்து அங்கயே மூடாக்கா போட்டுரலாம். அந்தப் பயறுல அசுவினி (சாறு உறிஞ்சுற குட்டிப் பூச்சி) வரும், வரட்டும், மருந்து அடிக்காதீங்க, அதைத் தின்ன வர்ற பொறிவண்டு அங்கயே பெருகி மாதுளைத் தளிர்ல இருக்கிற அசுவினியையும் பாத்துக்கும்.

கூடவே செண்டுமல்லியும் வைங்க, ரெண்டு மூணா வச்சா பிரயோஜனம் இல்ல, நெருக்கமா நடணும், அப்பத்தான் வேர் முடிச்சு நூற்புழு (வேருக்குள்ள பூந்து வீங்க வைக்கிற, கண்ணுக்குத் தெரியாத புழு) கொறையும். அதே நூற்புழு கத்தரி, தக்காளி, வெண்டையிலயும் பெருகும், அதனால அதுங்களை மாதுளை பக்கத்துல வைக்காம தள்ளி வைங்க. தேனீ வர ஒரு ஓரமா துளசி. எதை நட்டாலும் மரத்து தூரை ஒட்டி வேண்டாம், ஒன்றரை அடி விடுங்க, நெழல் விழுற மாதிரி ஒசரமா வளர்றதும் வேண்டாம், மாதுளைக்கு முழு வெயில் வேணும்.

இன்னொண்ணு, பூவெல்லாம் கொட்டுதேன்னு பயந்து உரத்தை அள்ளிப் போடுறவங்க நெறைய பேர். மாதுளையில அடி ஒல்லியா இருக்கிறது ஆண் பூ, அது எப்படியும் கொட்டத்தான் செய்யும், அடி குண்டா சொம்பு மாதிரி இருக்கிற பூவுலதான் காய் பிடிக்கும், அதை மட்டும் பாருங்க. பிடிச்ச காய் எலுமிச்சம்பழ அளவு வந்ததும் துணிப்பை கட்டிட்டா பட்டாம்பூச்சி அதுல முட்டை வைக்காது, புழு தொளைக்காது. பூவுல இருந்து பழமாக அஞ்சாறு மாசம் ஆகும், பொறுமையா இருக்கணும்.

சிவகங்கை, புதுக்கோட்டை மாதிரி மழை கொறைஞ்ச பக்கத்துக்குன்னு, பழமும் தர்ற அழகு மரங்களையும் அதுக்குக் கீழ என்ன செடி போடலாங்கிறதையும் சேர்த்து ஒரு தொடர் போடுங்க சார். செட்டிநாட்டுலயே வேளாண்மைக் கல்லூரி இருக்கு, அங்க இருக்கிறவங்களைக் கேட்டு எழுத வச்சா இந்த மண்ணுக்குப் பொருந்துற மாதிரி வரும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பள்ளத்தூர்